120 ஹெர்ட்ஸ் டிவி எடுக்கணுமா? கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு டிவி மெக்கானிக் சொல்றதைக் கேட்டுட்டுப் போங்க

மதுரையில டிவி மாட்டுறதும் ரிப்பேர் பாக்குறதும்தான் என் தொழில். வால் மவுண்ட் அடிக்கப் போனாலும் சரி, பேனல்ல கோடு விழுந்துருச்சுன்னு கூப்பிட்டுப் போனாலும் சரி, இப்ப எந்த வீட்டுக்குப் போனாலும் டீ குடுக்குறப்போ கூடவே ஒரு கேள்வியும் வந்துருது. "அண்ணே, 60 ஹெர்ட்ஸ் போதுமா, இல்ல 120 எடுக்கணுமா?" 2025 செப்டம்பர் 22-ல இருந்து 32 இன்ச்சுக்கு மேல உள்ள டிவிக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்துல இருந்து 18-க்கு இறங்குச்சுல்ல, அதுக்கப்புறம் 43 வாங்க நெனச்சவங்க 55 பாக்குறாங்க, 55 நெனச்சவங்க 65-க்குப் போறாங்க, மிச்சமாகுற காசை எதுல போடலாம்னு யோசிக்கிற நேரத்துல கடையில முன்னாடி கொண்டாந்து காட்டுறது இந்த ஹெர்ட்ஸ் நம்பரைத்தான்.

என் பதிலை முதல்லயே சொல்லிடுறேன். வீட்ல ஓடுறது கேபிள், டிடிஹெச், சீரியல், நியூஸ், கிரிக்கெட், ராத்திரி ஓடிடில ஒரு படம், இம்புட்டுதான்னா 120-ங்கிற நம்பருக்காக மட்டும் ஒத்த ரூபா கூடக் குடுக்காதீங்க. பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் மாதிரி கேம் கன்சோல், இல்ல கேமிங் பிசி இதுல ஏதாவது ஒண்ணு வீட்ல இருக்கு, இல்ல சீக்கிரம் வரப்போகுதுன்னா உண்மையான 120 பேனல் எடுங்க, அதுக்குக் குடுக்குற காசு வீண் போகாது. இந்த ரெண்டுக்கும் நடுவுல நிக்கிறவங்கதான் அதிகம், அவங்களுக்காகத்தான் மீதியை விளக்கமா எழுதுறேன்.

ரிஃப்ரெஷ் ரேட்னா ஒரு செகண்டுக்கு டிவி ஸ்கிரீன் எத்தனை தடவை தன்னைப் புதுப்பிச்சுக்குதுங்கிற கணக்கு. 60 ஹெர்ட்ஸ்னா 60 தடவை, 120 ஹெர்ட்ஸ்னா 120 தடவை. ஃப்ரேம் ரேட்ங்கிறது வேற, அது டிவிக்குள்ள ஒரு செகண்டுக்கு எத்தனை படம் வருதுங்கிறது. இந்த ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சுக்கிறதுலதான் பாதிக் காசு போகுது. பெரியார் பஸ் ஸ்டாண்டுல பிளாட்ஃபாரத்தை ரெண்டு மடங்காக் கட்டிட்டா திருமங்கலம் பஸ் ரெண்டு மடங்கா வந்துருமா? வர்ற பஸ்தான் வரும். டிவியும் அப்படித்தான், உள்ள வர்ற படம் 50-ன்னா ஸ்கிரீன் 120 தடவை மாறுனாலும் புதுப் படம் 50-தான், மீதியெல்லாம் அதே படம் திரும்ப வர்றது, இல்லாட்டி டிவி தானா யோசிச்சு வரைஞ்சு நடுவுல சொருகுறது.

சரி, நம்ம வீட்டுக்குள்ள என்ன வருது? சினிமா செகண்டுக்கு 24 ஃப்ரேம். பேசும்படம் வந்த காலத்துல நிலைச்ச கணக்கு அது, இன்னிக்கும் தியேட்டர்லயும் ஓடிடிலயும் பெரும்பாலான படம் அதுதான். நம்ம நாட்டு டிவி சேனல் எல்லாம் 50 கணக்கு, அதாவது ஹெச்டி சேனல்ல ஒத்தைப்படைக் கோடு ஒரு தடவை, ரெட்டைப்படைக் கோடு ஒரு தடவைன்னு பாதிப் பாதிப் படமா செகண்டுக்கு 50 தடவை வருது, அதை ஒட்டவச்சு முழுப் படமா ஆக்குற வேலை டிவிக்குள்ள இருக்குற பிராசசரோடது. யூடியூப்ல 24, 25, 30, அதிகபட்சம் 60. ஓடிடில 120 ஃப்ரேம்ல படமோ சீரிஸோ எதுவும் கிடையாது. ஆக, 120 படத்தை நிஜமாவே அனுப்புற பொருள்னு பாத்தா கேம் கன்சோலும் கம்ப்யூட்டரும்தான்.

இடையில ஒரு சின்ன விஷயம். 24-ல எடுத்த படத்தை 25 கணக்குல ஓட்டுறதுக்காகக் கொஞ்சமா வேகத்தைக் கூட்டுறது இந்த 50 ஹெர்ட்ஸ் நாடுகள்ல டிவி சேனல்களோட ரொம்ப நாள் பழக்கம். ரெண்டரை மணி நேரப் படம் அப்படி ஓடுனா விளம்பரத்தைக் கழிச்சுப் பாத்தா 6 நிமிஷம் முன்னாடியே முடிஞ்சிரும். யாரும் கவனிக்கிறதில்ல.

கிரிக்கெட்டைப் பத்திச் சொல்லியே ஆகணும், ஏன்னா "ஐபிஎல் பாக்கணும், பந்து தெளிவாத் தெரியணும், அதுக்குத்தான் 120"ன்னு சொல்லி வாங்குனவங்க எனக்குத் தெரிஞ்சே நிறைய பேர் இருக்காங்க. கணக்குப் போட்டுப் பாப்போம். ஒரு ஃபாஸ்ட் பௌலர் 140 கிலோமீட்டர் வேகத்துல போடுறாருன்னு வைங்க. அது செகண்டுக்கு சுமார் 39 மீட்டர். சேனல்ல இருந்து வர்றது செகண்டுக்கு 50 படம்னா, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவுல பந்து கிட்டத்தட்ட 78 சென்டிமீட்டர் நகர்ந்துருது. கையை விட்டு பேட்டுக்கு வர சுமார் அரை செகண்ட், அதுக்குள்ள நமக்குக் கிடைக்கிறது 25 படம். அந்த 78 சென்டிமீட்டர் இடைவெளியில பந்து எங்க இருந்துச்சுங்கிற தகவலே சேனல்கிட்ட இருந்து வரல. எத்தனை ஹெர்ட்ஸ் பேனலா இருந்தாலும் வராத படத்தை அது எங்குட்டு இருந்து எடுக்கும்? அதை ஊகிச்சு வரைஞ்சு காட்டுறதுதான் மோஷன் ஸ்மூத்திங். பந்து மாதிரி சின்னதா, வேகமாப் போற பொருள்ல அந்த ஊகம் அடிக்கடி தப்பும். பந்துக்குப் பின்னாடி வால் மாதிரி ஒண்ணு வரும், இல்லாட்டி ரெண்டு பந்து தெரியும், பேட்ஸ்மேன் கால் பக்கத்துல வரும்போது பந்தே காணாமப் போயிரும்.

இதை ஒரு தடவை பக்கத்துல நின்னு பாத்தேன். பொங்கல் சமயத்துல, வாடிப்பட்டிப் பக்கம் ஒரு வீட்ல புதுசா மாட்டுன 65 இன்ச், நிஜமான 120 பேனல், நல்ல கம்பெனி. அவனியாபுரம் ஜல்லிக்கட்டு லைவ் ஓடுது. வீட்டுக்காரர் கூப்பிட்டு, "மாப்ள, இம்புட்டு காசு போட்டு வாங்குனது, மாடு வெளிய வரும்போது பாரு, கொம்பைச் சுத்திக் கலங்குது"ங்கிறார். பாத்தா உண்மைதான். வாடிவாசல் தாண்டி காளை துள்ளி வெளிய வருது, திமிலை ஒருத்தர் அணைஞ்சிருக்கார், அவர் கை விரலுக்கும் திமிலுக்கும் நடுவுல தண்ணில கரைஞ்ச மாதிரி ஒரு மங்கல், கொம்போட ஓரத்துல பின்னாடி இருக்குற கேலரியும் சேர்ந்து நெளியுது. மெனுவுக்குள்ள போய் மோஷன் செட்டிங்கை ஆஃப் பண்ணுனேன். அடுத்த மாடு வந்துச்சு, கொம்பு கொம்பா இருந்துச்சு, விரல் விரலா இருந்துச்சு. ஆனா புழுதி கிளம்புன இடத்துல மட்டும் கட்டம் கட்டமா உடைஞ்சது அப்படியேதான் இருந்துச்சு. "அது ஏன் போகல?"ன்னு கேட்டார். அது டிவி கோளாறு கிடையாது. புழுதி, கூட்டம், தண்ணி தெறிக்கிறது இதெல்லாம் படத்துல ஒவ்வொரு புள்ளியும் மாறிக்கிட்டே இருக்குற காட்சி, சேனல்காரங்க சிக்னலைச் சுருக்கி அனுப்பும்போது அம்புட்டையும் அதுக்குள்ள அடக்க முடியாம கட்டம் விழுந்துரும். அழகர் ஆத்துல இறங்குறப்போ வைகை முழுக்க மஞ்சச் சட்டையும் தோல்பையில இருந்து பீய்ச்சுற தண்ணியுமா இருக்கும்ல, அந்த லைவ்லயும் இதே கட்டத்தைப் பாக்கலாம். அதை எந்த ஹெர்ட்ஸும் சரி பண்ணாது.

அப்ப 120-ஆல டிவி சேனலுக்குப் பிரயோஜனமே இல்லையான்னா, ஒண்ணே ஒண்ணு இருக்கு, அதையும் மறைக்காமச் சொல்றேன். நியூஸ் சேனல்ல கீழ ஓடுற வரி. அதைக் கொஞ்ச நேரம் கண்ணால தொடர்ந்து படிச்சுப் பாருங்க, மெய்யெழுத்து மேல இருக்குற புள்ளி கோடு மாதிரி நீண்டு தெரியும், ‘க்’கும் ‘க’வும் வித்தியாசம் தெரியாமப் போகும். இதுக்குக் காரணம் எல்சிடி, எல்இடி, ஓஎல்இடி எதுவா இருந்தாலும் ஒரு படத்தைப் போட்டா அடுத்த படம் வர்ற வரைக்கும் அதை அப்படியே புடிச்சு வச்சிருக்கும், ஆனா நம்ம கண்ணு நிக்காம நகர்ந்துக்கிட்டே இருக்கு, அதனால படம் நின்ன இடத்துக்கும் கண்ணு போன இடத்துக்கும் நடுவுல மங்கல் விழுது. ஃபுல் ஹெச்டில திரையோட அகலம் 1920 புள்ளி, அந்த வரி ஒரு ஓரத்துல இருந்து மறு ஓரத்துக்கு 6 செகண்ட்ல போகுதுன்னா செகண்டுக்கு 320 புள்ளி, 50 ஹெர்ட்ஸ்ல ஒரு படத்துக்கு 6 புள்ளிக்கு மேல மங்கல். 100-ஆ ஆக்கி நடுவுல ஒரு படத்தைச் சொருகுனா மங்கல் பாதியாகும். எழுத்து நேர்கோட்டுல ஒரே வேகத்துல போறதால இங்க மட்டும் டிவியோட ஊகம் பெரும்பாலும் சரியா இருக்கும். நாள் முழுக்க நியூஸே ஓடுற வீடுன்னா இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

2006-ல அரசு குடுத்த இலவச கலர் டிவி ஞாபகம் இருக்குல்ல, அந்த 14 இன்ச் டப்பா டிவி. அதுல இந்த மங்கல் கிடையாது. பிக்சர் டியூப்ல ஒவ்வொரு புள்ளியும் ஒரு கணம் மின்னி அணைஞ்சிரும், புடிச்சு வைக்காது. அதனாலதான் வயசானவங்க சில பேரு "பழைய டிவில ஓட்டம் நல்லாத் தெரிஞ்சுச்சுப்பா"ன்னு சொல்லும்போது நான் மறுத்துப் பேசுறதில்ல, அசைவைப் பொறுத்தவரைக்கும் அவங்க சொல்றது சரி. அந்த மின்னி அணையுறதால கண்ணுக்கு ஃப்ளிக்கரும் இருந்துச்சு, அது வேற கதை.

இப்ப சினிமாவுக்கு வருவோம், 120 வாங்கலாமான்னு நடுவுல நிக்கிறவங்களுக்கு உண்மையான காரணம் இங்கதான் இருக்கு. 24 ஃப்ரேம் படத்தை 60 ஹெர்ட்ஸ் ஸ்கிரீன்ல எப்படிப் போடுறது? 60-ஐ 24-ஆல வகுத்தா ரெண்டரை. அரைத் தடவை ஒரு படத்தைக் காட்ட முடியாதுல்ல, அதனால ஒரு படத்தை 3 தடவை, அடுத்ததை 2 தடவை, மறுபடி 3, மறுபடி 2-ன்னு போடுவாங்க. கேமரா மெதுவா இடமிருந்து வலமா ஒரு ஊரையோ மலையையோ காட்டுற ஷாட்ல லேசா தட்டித் தட்டிப் போற மாதிரி இருக்குமே, அது இதனாலதான். 120-ல 24 சரியா 5 தடவை போயிரும், தட்டல் இல்ல. கணக்கு சுத்தமா வர்றதுனால படம் எடுத்தவங்க எடுத்த மாதிரியே தெரியும். படம் ரசிச்சுப் பாக்குறவர், 65 இன்ச்சு பக்கத்துல உக்காந்து பாக்குறவர், இந்தத் தட்டல் கண்ணை உறுத்துதுன்னு ஏற்கனவே கவனிச்சவர், இவங்க 120-க்குக் கொஞ்சம் கூடக் குடுக்கலாம், நான் தடுக்க மாட்டேன். இதுவரைக்கும் அந்தத் தட்டலைக் கவனிச்சதே இல்லைன்னா அதைத் தேடிக் கண்டுபிடிச்சுக் காசு செலவழிக்க வேண்டாம். ஸ்டிக் மாட்டிப் பாக்குறவங்க ஒண்ணு பண்ணுங்க, ஃபயர் டிவி ஸ்டிக்ல டிஸ்ப்ளே செட்டிங்குக்குள்ள "மேட்ச் ஒரிஜினல் ஃப்ரேம் ரேட்"னு ஒண்ணு இருக்கும், அதை ஆன் பண்ணி வைங்க, ஆப்பும் டிவியும் ஒத்துழைச்சா படம் அதோட சொந்த வேகத்துலயே போகும்.

120 ஹெர்ட்ஸ் டிவி வாங்கி நொந்து போனவங்க எனக்குப் போன் பண்ணுற காரணத்துல முதல் இடம் இதுக்குத்தான்: "படம் எல்லாம் சீரியல் மாதிரி தெரியுது." திருநகர்ல ஒரு ரிட்டையர்டு வாத்தியார் ஐயா, புது டிவி வாங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகுது, "தம்பி, பழைய கருப்பு வெள்ளைப் படம் போட்டா ஆளுங்க வழுக்கிக்கிட்டு நடக்குறாங்க, செட்டு செட்டாத் தெரியுது, பாக்கவே மனசு ஒட்ட மாட்டேங்குது, டிவியை மாத்திக் குடுக்கச் சொல்லு"ன்னார். டிவில ஒரு குறையும் இல்ல. ஸ்மூத்திங் முழுசா ஏத்தி வச்ச நிலையிலயே வந்திருக்கு, 24 படத்துக்கு நடுவுல டிவி தானா வரைஞ்ச படங்களைச் சொருகி 120 ஆக்கிக்கிட்டு இருக்கு, அதனால சினிமாவோட அந்த அசைவு போய் வீடியோ கேமராவுல எடுத்த மாதிரி ஆயிருச்சு. சோனில இதுக்கு மோஷன்ஃப்ளோன்னு பேரு, எல்ஜில ட்ரூமோஷன், சாம்சங்ல ஆட்டோ மோஷன் பிளஸ் இல்லாட்டி பிக்சர் கிளாரிட்டி, வேற பல கம்பெனில எம்இஎம்சி. எல்லாம் ஒரே சமாச்சாரம்தான். பிக்சர் செட்டிங்ல போய் ஆஃப் பண்ணுங்க, இல்ல கஸ்டம்னு வச்சு ரொம்பக் கம்மியா வைங்க. ஃபிலிம்மேக்கர் மோடு இருக்குற டிவின்னா படம் பாக்கும்போது அதைப் போட்டாலே போதும், ஸ்மூத்திங் தானா அணைஞ்சிரும். ஐயாகிட்ட ஆஃப் பண்ணிக் காட்டுனதும் கொஞ்ச நேரம் பேசாமப் பாத்துட்டு, "இதைக் கடையிலயே சொல்லியிருக்கலாம்ல"ன்னார். சொல்லியிருக்கணும். பெட்டியைப் பிரிச்சு மாட்டிட்டு, ரிமோட்டைக் கையில குடுத்துட்டுப் போயிடுறாங்க, டிவி கடையில இருந்த அதே கண்ணைப் பறிக்கிற மோடுலயே வருஷக்கணக்கா ஓடிக்கிட்டு இருக்கு. எனக்கு இதுலதான் ரொம்ப ஆதங்கம்.

அட்டையில போட்டிருக்குற நம்பரை நம்பி ஏமாறாதீங்க, இதைக் கொஞ்சம் நின்னு படிங்க. "மோஷன் ரேட் 120", "மோஷன் 240", இன்னும் என்னென்னவோ பேர்ல பெரிய நம்பர் போட்டிருப்பாங்க. அது பேனலோட ஹெர்ட்ஸ் கிடையாது, பேனலும் பிராசசரும் பேனலுக்குப் பின்னாடி எரியுற பேக்லைட்டும் எல்லாத்தையும் கூட்டி அவங்களே வச்சுக்கிட்ட ஒரு கணக்கு. அந்த மாதிரி 120-ன்னு எழுதியிருக்குறதுல உள்ள பேனல் பல சமயம் 60-தான். இன்னொண்ணு புதுசா வந்திருக்கு, 60 பேனல்லயே 120 காட்டுறோம்னு சொல்றது, அதை டிஎல்ஜின்னு சொல்றாங்க. அது எப்படின்னா ரெண்டு ரெண்டு வரியைச் சேர்த்து ஒரே வரியா ஓட்டுறது, அதனால வேகம் ரெட்டிப்பாகும், ஆனா மேலருந்து கீழ தெளிவு பாதியாயிரும். கேம் ஆடுற பசங்களுக்கு அது கொஞ்சம் உதவும், இல்லேன்னு சொல்லல, ஆனா அதை முழு 4கே 120-ன்னு சொல்லி விக்கிறது தப்பு.

அதே மாதிரி சில கம்பெனி இந்தியாவுக்கு வர்ற மாடல்ல 50 ஹெர்ட்ஸ், 100 ஹெர்ட்ஸ்னு போடும். அதைப் பாத்து "60-ஐ விட மட்டம்"னு ஒதுக்கிராதீங்க. நம்ம சேனல் 50 கணக்குங்கிறதுனால அப்படி எழுதுறாங்க, 60 வந்தா 60-ல ஓடும், 100-ன்னு போட்டிருக்குறது 120-லயும் ஓடும்.

நிஜமான நம்பரை எப்படிக் கண்டுபிடிக்கிறது? முழு மாடல் நம்பரை எழுதி வாங்குங்க, கடைசி எழுத்து வரைக்கும். கம்பெனியோட சொந்த சைட்ல போய் அந்த மாடலைப் போட்டு "நேட்டிவ் ரிஃப்ரெஷ் ரேட்"னு எழுதியிருக்கான்னு பாருங்க, நேட்டிவ்ங்கிற வார்த்தை முக்கியம், பேனலோட சொந்த ஹெர்ட்ஸ்னு அர்த்தம். இன்ச்சையும் சேர்த்துப் பாருங்க, ஒரே சீரிஸ்லயே 55-ம் 65-ம் 120-ஆ இருக்கும், 43-ம் 50-ம் 60-ஆ இருக்கும், விளம்பரத்துல பெருசுக்கு உள்ளதைத்தான் போட்டிருப்பாங்க. டவுன்ஹால் ரோட்டுக் கடையோ, மாலோ, எங்க போனாலும் வீட்ல லேப்டாப் இருந்தா கையோட எடுத்துட்டுப் போங்க. ஹெச்டிஎம்ஐ-ல சொருகி, விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ல அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே போய், ஃபுல் ஹெச்டி ரெசல்யூஷன்ல 120 காட்டுதான்னு பாருங்க. லேப்டாப் பழசா இருந்தா 4கே-ல 120 காட்டாது, அதை வச்சு டிவியைக் குறை சொல்லக் கூடாது. டிஎல்ஜி டிவியும் இதுல 120-ன்னு காட்டும்ங்கிறதால சைட்ல பாக்குறதையும் சேர்த்தே செய்யணும். நல்ல கடைக்காரர் இதுக்கெல்லாம் கோச்சுக்க மாட்டார்.

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு அம்மா கேட்டாங்க, "தம்பி, நம்ம ஊரு கரண்டு 50 ஹெர்ட்ஸ்னு சொல்றாங்க, 120 ஹெர்ட்ஸ் டிவி வாங்குனா கரண்டு பில்லு ரெண்டு மடங்கா வராதா, டிவி எரிஞ்சு கிரிஞ்சு போயிராதா?" நியாயமான கேள்வி, ஒரே வார்த்தை ரெண்டு இடத்துல வருதுல்ல. கரண்டு 50 ஹெர்ட்ஸ்ல வந்தாலும் டிவிக்குள்ள இருக்குற பவர் போர்டு அதை டிசி ஆக்கித்தான் பேனலுக்குக் குடுக்குது, ரெண்டுக்கும் சம்பந்தமில்ல. பில்லுல பெருசா அடிக்கிறது ஸ்கிரீன் சைசும் வெளிச்ச அளவும்தான். டிவியை உண்மையிலேயே எரிக்கிறது இடி மின்னலும், லோ வோல்டேஜ் ஹை வோல்டேஜும். மழைக்காலத்துல இடி இடிச்சா பிளக்கோட சேர்த்து டிஷ் கேபிளையும் கழட்டிருங்க, கேபிள் வழியா ஏறி போர்டு போனது நிறையப் பாத்துட்டேன்.

120-ன்னா கண்ணு வலிக்காதுன்னு சொல்லி விக்கிறதும் நடக்குது. எல்சிடி பேனல்ல படம் புடிச்சு வச்ச மாதிரி நிக்கிறதால 60-லயும் அந்தப் பழைய டியூப் டிவி ஃப்ளிக்கர் கிடையாது. பேக்லைட் மினுக்குறது சில மாடல்ல இருக்கும், அது ஹெர்ட்ஸ் நம்பரைப் பொறுத்தது இல்ல. இருட்டு ரூம்ல முழு வெளிச்சத்துல பாத்தா எந்த டிவியும் கண்ணை வலிக்கத்தான் வைக்கும், வெளிச்சத்தைக் குறைங்க.

போன்ல 120 ஹெர்ட்ஸ் வழவழன்னு இருக்கு, அதே மாதிரி டிவியும் இருக்கும்னு நினைக்கிறதும் தப்பாப் போகுது. போன்ல நீங்க விரலால தள்ளும்போது அந்தப் போனே செகண்டுக்கு 120 படம் தயாரிக்குது, அதனால வித்தியாசம் தெரியுது. டிவில நீங்க பாக்குறது யாரோ எடுத்து அனுப்புன வீடியோ. ரிமோட்டை அமுக்குனா மெனு நகர மாட்டேங்குது, ஆப் திறக்க நேரமாகுதுன்னா அது பிராசசரும் ரேமும் பத்தாம திணறுறது, ஹெர்ட்ஸ் கூடுனதால அது சரியாகாது.

அப்ப அந்தக் காசை எதுல போடலாம்? என்னைக் கேட்டா முதல்ல வெளிச்சமும் கறுப்பும். நம்ம ஊர் வீடுகள்ல பகல்ல வாசக்கதவு திறந்தே கிடக்கும், டிவிக்கு நேர் எதுத்தாப்புல ஜன்னலோ டியூப் லைட்டோ இருக்கும், வெளிச்சம் பத்தாத பேனல்ல படத்துக்குப் பதிலா நம்ம முகம்தான் தெரியும். லோக்கல் டிம்மிங், அதாவது இருட்டான இடத்துல மட்டும் பேக்லைட்டைக் குறைக்கிற வசதி, உள்ள 60 ஹெர்ட்ஸ் டிவியையும் அது இல்லாத 120 ஹெர்ட்ஸ் டிவியையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒரு ராத்திரிக் காட்சி போட்டுப் பாருங்க, வீட்ல எல்லாரும் எதைக் கை காட்டுவாங்கன்னு எனக்குச் சந்தேகமே இல்ல. அப்புறம் உக்கார்ற இடம். சோபாவுல ரெண்டு பேரு, கீழ பாயில நாலு பேரு, அடுப்படி வாசல்ல நின்னுக்கிட்டு ஒருத்தருன்னு பாக்குற வீட்டுக்கு ஐபிஎஸ் பேனல் நல்லது, பக்கவாட்டுல இருந்து பாத்தாலும் நிறம் வெளுக்காது. நேரா உக்காந்து ராத்திரியில படம் பாக்குற வீட்டுக்கு விஏ பேனல், கறுப்பு கறுப்பா இருக்கும். விஏ-ல மலிவான பேனல்னா இருட்டுக் காட்சியில ஆள் நடந்தா பின்னாடி நிழல் இழுத்துக்கிட்டே வரும், அது பேனல் நிறம் மாறுறதுக்கு எடுத்துக்கிற நேரத்தோட குறை, 120 போட்டாலும் போகாது. அதுக்கடுத்து சத்தம். டிவி எல்லாம் தகடு மாதிரி ஆயிருச்சு, ஸ்பீக்கருக்கு இடமே இல்ல, வசனம் புரியலன்னு சவுண்டைக் கூட்டிக் கூட்டி வைக்கிறவங்க ஒரு நல்ல சவுண்ட்பாருக்கு அந்தக் காசைப் போட்டா தினமும் அனுபவிப்பாங்க. 32 இன்ச் வாங்குறவங்க இந்த ஹெர்ட்ஸ் பேச்சையே விட்ருங்க, எல்லாம் 60-தான்.

கடைசியா கேம் ஆடுற பசங்களுக்கு. பிஎஸ்5 இங்க 2021 பிப்ரவரியில வந்ததுல இருந்து கேகே நகர், அண்ணா நகர்ப் பக்கம் அதுக்காகவே டிவி மாத்துறவங்க கூடிட்டாங்க. தம்பிங்களா, உங்களுக்கு 120 நிஜமாவே பிரயோஜனம். 60-ல ஒரு படம் 16.7 மில்லிசெகண்ட் நிக்கும், 120-ல 8.3, பட்டனை அமுக்குறதுக்கும் திரையில தெரியுறதுக்கும் நடுவுல உள்ள தாமதம் அதுக்கேத்த மாதிரி குறையும். ஆனா எல்லா கேமும் 120-ல ஓடாது, நிறைய கேம் 60-லயும் 30-லயும்தான் ஓடும், நீங்க ஆடுற கேமுக்கு 120 மோடு இருக்கான்னு பாத்துட்டு முடிவு பண்ணுங்க. விஆர்ஆர் இருந்தா இன்னும் நல்லது, கேம் அனுப்புற வேகம் ஏறி இறங்குறப்போ டிவியும் கூடவே ஏறி இறங்கும், படம் நடுவுல கிழியாது. கேம் மோடு போட மறந்துட்டா இத்தனையும் வீண், ஸ்மூத்திங் ஓடிக்கிட்டு இருந்தாலே தாமதம் எகிறிரும்.

4கே 120-க்கு ஹெச்டிஎம்ஐ 2.1 போர்ட் வேணும். பழைய 2.0 செகண்டுக்கு 18 ஜிகாபிட் வரைக்கும்தான் தாங்கும், 2.1-ல 48 வரைக்கும் போகும். டிவியில நாலு போர்ட் இருந்தாலும் பல மாடல்ல ரெண்டுலதான் 120 எடுக்கும், அந்த ரெண்டுல ஒண்ணு சவுண்ட்பார் மாட்டுற இஆர்க் போர்ட்டா இருந்துச்சுன்னா மீதி இருக்குறது ஒண்ணே ஒண்ணு. ரெண்டு கன்சோல் வச்சிருக்குறவங்க வாங்குறதுக்கு முன்னாடியே டிவிக்குப் பின்னாடி எட்டிப் பாருங்க, போர்ட் பக்கத்துலயே 4கே 120-ன்னு எழுதியிருக்கும். கன்சோலோட வந்த கேபிளையே போடுங்க, நீளம் பத்தலைன்னா "அல்ட்ரா ஹை ஸ்பீடு"ன்னு அட்டையில முத்திரை இருக்குற கேபிளா வாங்குங்க. எல்லாம் மாட்டியும் 120 வரலைன்னா பயப்படாதீங்க, டிவி செட்டிங்ல இன்புட் பக்கம் போனா ஒவ்வொரு ஹெச்டிஎம்ஐ போர்ட்டுக்கும் தனித்தனியா "என்ஹான்ஸ்டு"ன்னோ வேற பேர்லயோ ஒரு ஆப்ஷன் இருக்கும், புது டிவில அது பல சமயம் ஆஃப்லதான் இருக்கும். அதை ஆன் பண்ணிட்டு கன்சோலை ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க, அதுக்கப்புறமும் வரலைன்னா கேபிளை மாத்திப் பாத்துட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்க.